ஏழாம் மாடிச் சுவர்

அக்டோபர் 7, செவ்வாய்

எடை போகும்போது 60.8. வரும்போது 58.3. குடித்த தண்ணீர் 700 மில்லி.

டயாலிசிஸ் வார்டு ஜெசிந்தா சிஸ்டர் இந்த நோட்டைக் கையில் திணித்துவிட்டார். தினமும் என் வீட்டுக்காரர் எடையையும் அவர் குடிக்கிற தண்ணீரையும் எழுத வேண்டுமாம். கிட்னி இரண்டும் நின்றுபோன ஆளுக்கு உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் மிஷினில் போட்டு எடுத்தால்தான் உண்டு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்கு மேல் ஒரு மடக்கு கூடாது. "கூடவே அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்கம்மா" என்றார். ஒன்பதாவது வரை படித்தவளிடம் நோட்டைக் கொடுத்தால் ரெண்டு வரியோடு நிற்குமா?

லிப்ட் சனிக்கிழமை சாயங்காலம் நின்றது. நாங்கள் இருப்பது ஏழாம் மாடி. ஆற்றங்கரையில் இருந்தவரைக்கும் வாசலைத் தாண்டினால் ரோடு. அதை இடித்து, எங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கியபோது குலுக்கலில் ஏழாம் மாடி விழுந்தது. லிப்ட் இருக்கிறது, என்ன கவலை என்றார்கள். அப்போது இவருக்கு இரண்டு பாதமும் முழுசாக இருந்தது. இப்போது சர்க்கரையில் வலது பாதம் பாதி போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், படி இறங்க முடியாது.

மொத்தம் நூற்று இருபத்தாறு படி. நீலக் கலர் பிளாஸ்டிக் சேரின் இரண்டு பக்கமும் சவுக்குக் கழியைக் கட்டி, அதில் இவரை உட்கார வைத்து, நான்கு பையன்கள் தோளில் தூக்கி இறக்கினார்கள். முன்னால் ஐந்தாம் மாடி டில்லிபாபுவும் ஆறாம் மாடி சுகுமாரும், பின்னால் இரண்டு பேர். மாடிக்கு மாடி ஆட்கள் நின்று, "சாமி வருது, வழி உடுங்க" என்று கிண்டல் பண்ணினார்கள். இவரும் விடவில்லை. "தேங்கா ஒடைங்கடா" என்று கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே போனார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டில்லிபாபுவின் அம்மா சம்பூர்ணத்தின் மீன் கூடைதான் லிப்டைக் கெடுத்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடையை ஏற்றுவாள், அது உள்ளே இறங்கிவிட்டது என்கிறார்கள். லிப்டின் தரையில் அன்றைக்குத் தண்ணீர் கிடந்தது என்னவோ உண்மைதான்.

அக்டோபர் 8, புதன்

எடை 59.1. தண்ணீர் 750.

காலையில் கேண்டீன் வேலைக்குப் போகும்முன் கீழ்க் குழாயில் இரண்டு குடம் பிடித்து ஏறினேன். மோட்டார் ஓடுகிறது, மொட்டை மாடித் தொட்டி நிரம்புகிறது, ஆனால் அதற்கு நேர் கீழே இருக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் ஆறு மாதமாகச் சொட்டுதான். கேட்டால் கீழ் மாடிக்காரர்கள் இழுத்துவிடுகிறார்கள் என்கிறார்கள்.

இவர் கட்டில் ஒட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிப்ட் ஓடுகிற குழி. சாயங்காலம் நான் வந்ததும், "தெய்வானை, இந்தச் செவுத்தத் தொட்டுப் பாரு. நனஞ்சிருக்கு" என்றார்.

"மழைய்யா" என்றேன். முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு குறை கண்டுபிடிப்பார்.

அக்டோபர் 10, வெள்ளி

எடை போகும்போது 60.6. வரும்போது 58.4. தண்ணீர் 700.

சேர்ப் பயணம் நல்லபடி முடிந்தது. திரும்பி ஏற்றும்போது மூன்றாம் மாடியில் சுகுமாருக்கு மூச்சு வாங்கி, பத்து நிமிஷம் சேரை இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

குடியிருப்போர் சங்கத் தலைவர் நீலமேகம் அண்ணன் பராமரிப்பு ஆபீசுக்குப் போய்வந்தார். கீழே பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார். தானாகக் கெட்டிருந்தால் உடனே சரிபண்ணித் தருவார்களாம். குடியிருப்பவர்களே தண்ணீர் ஊற்றிக் கெடுத்திருந்தால் அது வேறு ஃபைலாம், விசாரணை உண்டாம். "யார் பண்ணாங்கன்னு எழுதிக் குடுங்க, அப்பதான் ஃபைல் நகரும்" என்றாராம் பொறியாளர்.

தண்ணீரையே மேலே ஏற்றிவிடத் துப்பில்லாதவர்கள் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்கிறார்கள். வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன். நமக்கு எதற்கு?

அக்டோபர் 12, ஞாயிறு

எடை 60.0. தண்ணீர் 750.

காலையில் படிக்கட்டில் பெரிய ரகளை. யாரோ சம்பூர்ணத்தின் கூடையைப் பிடுங்கி வீசி, நாலாம் மாடியிலிருந்து வாசல்வரைக்கும் படியெல்லாம் மீன். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த கருவாட்டையும் கீழே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவள் குரல் ஏழு மாடிக்கும் கேட்டது.

"நான் கூடைக்கு அடியில சாக்கு போட்டுத்தான்டா ஏறுவேன்! ஒரு சொட்டு வுழாது! என் மேல பழி போடுறவன் நல்லா இருப்பானா?"

எனக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எடை போகும்போது 61.0. வரும்போது 58.5. தண்ணீர் 750.

டில்லிபாபு வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் அம்மாவைக் கட்டடமே வறுத்தெடுத்த இரண்டாம் நாள் எவனாவது வருவானா? சரியாக ஆறரைக்கு வந்து நின்றான். "இன்னாத்தே, மாமா ரெடியா?" என்றான். கழியைத் தோளில் வைத்தான். வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறவன், இன்றைக்குப் படியை எண்ணிக்கொண்டே இறங்கினான்.

ஐந்தாம் மாடியில் சம்பூர்ணம் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். சேரில் இருந்த இவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கழியில் கட்டின கயிறு அவிழ்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எடை போகும்போது 61.2. வரும்போது 60.0. தண்ணீர் 750.

தீபாவளி நேரம், இரண்டு பையன்கள் வேலைக்கு ஓடிவிட்டார்கள். ஆள் சேர்த்து இறக்குவதற்குள் மணி ஒன்பதரை. ஆஸ்பத்திரியில் எங்கள் முறை போய்விட்டது. சிஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மணி நேரம் மிஷின் வாங்கித் தந்தார். நான்கு மணி நேரம் ஓட வேண்டியது.

கீழே ஆட்டோவுக்கு நிற்கும்போது இவர் நீலமேகம் அண்ணனைக் கூப்பிட்டார். "தலைவரே, மோட்டார் போட்டா எங்க செவுத்துக்குள்ள சத்தம் வருது. மோட்டார் நின்னா கொஞ்ச நேரத்துல சத்தமும் நிக்குது. மேல பைப்பு எங்கியோ…"

"அவருக்கு ரெண்டு நாளா இப்படித்தான்ணே. ஒடம்புல உப்பு ஏறுனா எதையாச்சும் பேசுவாரு" என்று நான் சொன்னேன். ஆட்டோ வந்துவிட்டது. லிப்டைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதில் இவர் வேறு எதற்கு?

ஆட்டோவில் இவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எடை 62.4. தண்ணீர் 750.

உளுந்து வடை சுட்டேன். இவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டேன். குளிக்க இரண்டு குடம், சமைக்க ஒரு குடம், எல்லாம் படி ஏறி வந்த தண்ணீர். முட்டி கழன்றுவிடும்போல இருக்கிறது.

பத்து மணிக்கு மோட்டார் போட்டதும் சுவரில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "வந்து கேளேன். ஒரு தரம் கேட்டா இன்னா?"

"பட்டாசு சத்தத்துல செவுத்துல காது வெக்கறதுதான் எனக்கு வேலையா?" என்று கத்திவிட்டேன். பண்டிகை நாளில் கத்தியிருக்க வேண்டாம்.

சுவர் இப்போது இவர் தலை உயரத்துக்குக் கறுத்திருக்கிறது. கட்டிலைத் தள்ளிப் போட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

எடை 63.1. தண்ணீர் 750.

போகவில்லை. இரண்டு பேர் ஊரில், ஒருத்தன் தூக்கத்தில். டில்லிபாபு மட்டும் வந்து முக்கால் மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனான்.

அக்டோபர் 23, வியாழன்

எடை 64.6. தண்ணீர் 750.

முகம் வீங்கியிருக்கிறது. கால் சட்டி மாதிரி. விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது.

"இனிமே நான் போவல தெய்வானை. நாலு பேர் தோள்ல நான் போறதுக்கு ஒரு நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு தபா ஒத்திகை எதுக்கு?"

செருப்பால் அடிப்பேன் என்றேன். சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

எடை போகும்போது 65.3. வரும்போது 62.0. தண்ணீர் 600.

போர்வையால் இவரைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு டில்லிபாபு தனி ஆளாக இறக்கினான். நான் முன்னால் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினேன், விழுந்தால் தாங்கலாம் என்று. என்னத்தைத் தாங்குவது? நாலாம் மாடியில் சுவரில் தோளைச் சாய்த்து நின்றான். "மாமா, கழுத்த இறுக்காத, நான் உட மாட்டேன்" என்றான்.

மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிற முதுகு. இன்றைக்கு அவனுக்கு ஒரு நாள் மார்க்கெட் கூலி போயிற்று. அம்மாவுக்கும் வியாபாரம் இல்லை. இந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் மீன் வாங்குவதில்லை.

வரும்போது ஐந்தாம் மாடியில் நின்று அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கதவு சாத்தியிருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

எடை 63.7. தண்ணீர் 750.

சங்கக் கூட்டம். மாவு தீர்ந்துவிட்டது, அரைக்கப் போட்டுவிட்டுப் போனேன்.

நீலமேகம் அண்ணன் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். ஐந்தாம் மாடி சம்பூர்ணம் மீன் கூடைத் தண்ணீர் ஊற்றியதால் லிப்ட் பழுதானது, கட்டடத்தில் மற்ற யாருக்கும் இதில் சம்பந்தமில்லை, நோயாளிகள் கஷ்டப்படுவதால் உடனே சரிசெய்து தர வேண்டும். 'நோயாளிகள்' என்று படிக்கும்போது என்னைக் கையால் காட்டினார். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சம்பூர்ணம் வரவில்லை. வரச்சொல்லி யாரும் கூப்பிட்டதாகவும் தெரியவில்லை.

முப்பத்தோரு கையெழுத்து. நான் பதினேழாவது. எல்லாரும் போட்டார்கள். இவருக்கு லிப்ட் வேண்டும், இல்லையா? லிப்ட் வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகும். அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? நாலு நாள் திட்டுவார்கள், மறந்துவிடுவார்கள்.

மாவு கிரைண்டரிலேயே சூடேறிப் புளித்துப் போயிற்று.

அக்டோபர் 28, செவ்வாய்

எடை 65.2. தண்ணீர் 750.

யாரும் வரவில்லை. டில்லிபாபுவும்.

அக்டோபர் 29, புதன்

எடை 66.0. தண்ணீர் 750.

கேண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு ஐந்தாம் மாடிக்கு இறங்கினேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. வெளியே கூடை கவிழ்த்து வைத்திருந்தது, அடியில் சாக்கு மடித்து வைத்திருந்தது. சாக்கு நல்ல கெட்டிச் சாக்கு.

தட்டாமலே உள்ளிருந்து குரல் வந்தது. "யாரு, தெய்வானையா?"

"ஆமா."

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "வெள்ளிக்கெயம வருவான். போ" என்றாள்.

கதவைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 31, வெள்ளி

எடை போகும்போது 66.9. வரும்போது 65.4.

டில்லிபாபு மார்க்கெட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் கட்டடத்துக்காரன் ஒருத்தன் இல்லை. கிண்டலும் இல்லை, சாமியும் இல்லை. என் பக்கம் திரும்பவில்லை, இவரிடம் மட்டும் "வலிக்குதா மாமா" என்று கேட்டுக்கொண்டே இறக்கினான்.

மிஷின் போட்டு ஒரு மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது, நிறுத்திவிட்டார்கள். சிஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

"எல்லா நாளும் எழுநூத்தம்பதா? எடை இப்படி ஏறியிருக்கு, தண்ணி மட்டும் ஏறவே இல்லையா?"

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தள்ளினேன்.

"நோட்ல பொய் எழுதி யார ஏமாத்துறீங்க? படிக்கிறது நான், போறது அவர் உசிரு."

தாகம் என்று குழந்தை மாதிரி கேட்கிறார். கொடுத்தேன். ஒரு சொம்பு, சில நாள் அதற்கு மேலும். குறிக்கும்போது 750 என்றே கை எழுதிவிடும்.

நவம்பர் 2, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. நிற்க முடியவில்லை. தண்ணீர் ஒரு லிட்டர் இருக்கும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை அடுக்கி உட்கார்ந்தே இருக்கிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டேன். வந்தாலும் வாசலோடுதான் நிற்பான், இன்னும் ஒரு நாள்தானே, செவ்வாய்க்கிழமையே போகலாம் என்றார்.

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனுக்கு இன்னா ஆச்சு? ஒரு மாசமா எதையோ முழுங்கிக்கினு சுத்தற. எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அன்னிக்கு சனிக்கெயம…" என்றேன். இருமல் வந்துவிட்டது அவருக்கு. முதுகைத் தடவிவிட்டேன். இருமல் நின்றதும், "இன்னா, சனிக்கெயம?" என்றார்.

"ஒண்ணுமில்ல. சனிக்கெயமயோட சக்கரை தீந்துபோச்சு, வாங்கணும்" என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஐந்தாம் மாடி வரைக்கும்தான் போனோம்.

நவம்பர் 10, திங்கள்

எடை எழுத வேண்டியதில்லை. கை பழக்கத்தில் அந்த வரிக்கு இடம் விட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

நாலாம் தேதி செவ்வாய் காலை டில்லிபாபுவும் மார்க்கெட் பையன்களும் சேரைத் தூக்கினார்கள். ஆறாம் மாடி தாண்டியதும் இவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஐந்தாம் மாடியில் இறக்கி வைக்கச் சொன்னார். கண் திறந்துதான் இருந்தது. சம்பூர்ணம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"தண்ணி" என்றார் அவளைப் பார்த்து.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எப்போதும் சொல்கிற 'கூடாது' என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து, தலையை அணைத்துப் பிடித்துக் கொடுத்தாள். முழுசும் குடித்தார். ஒரு மாதத்தில் 'கூடாது' என்பதைக் கேட்காமல் அவர் குடித்த ஒரே டம்ளர். அவள் கை அவர் தலைக்குக் கீழே இருக்கும்போதே போய்விட்டார்.

கீழே கொண்டுபோன நாலு தோளில் முதல் தோள் டில்லிபாபு. அன்றைக்கு மட்டும் கட்டடம் முழுக்க வந்து தோள் கொடுக்க நின்றது. அவன் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

காரியமெல்லாம் நேற்றோடு முடிந்தது. இன்று லிப்ட் மெக்கானிக் வந்தான். ரஃபீக் என்று பெயர், வயசுப் பையன். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அவன் காலைக் கழுவிக் கும்பிட்டிருப்பேன். மொட்டை மாடி ரூமைத் திறந்தான், டார்ச் அடித்தான், குழிக்குள் எட்டிப் பார்த்தான். நானும் நீலமேகம் அண்ணனும் பக்கத்தில் நின்றோம்.

"மீன் கூடைத் தண்ணிதானே தம்பி?" என்றார் அண்ணன்.

"கூடையா? கூடைத் தண்ணி, கொடத்துத் தண்ணி எல்லாம் வாசல்லயே காஞ்சிடும் சார். இது மேலேர்ந்து வருது. தொட்டிலேர்ந்து எறங்குற பைப்பு லிப்ட் ரூம் பின்னாடி ஜாயின்ட் விட்டுப்போயிருக்கு. ஆறு மாசமாவது இருக்கும். மோட்டார் போடும்போதெல்லாம் தண்ணி குழிக்குள்ளதான் ஊத்தியிருக்கு. லிப்ட் கரண்ட் போர்டே அரிச்சிப்போச்சு. ஏழாம் மாடிக்கு வரவேண்டிய தண்ணி சார் இது. அந்த வூட்ல இருக்கிறவங்களுக்கு செவுரு நனஞ்சிருக்குமே? சத்தம் கேட்டிருக்குமே? யாரும் சொல்லலையா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத ஆபீஸ்ல எழுதிக் குடுப்பியா தம்பி?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"நான் பைப்ப மாத்துவேன், போர்ட மாத்துவேன். ஃபைல்ல என்னா எழுதறாங்கன்றது என் கையில இல்ல சார்."

நவம்பர் 21, வெள்ளி

ஐந்தாம் மாடிக் கதவைத் தட்டினேன். இந்த முறை தட்டினேன். சம்பூர்ணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிற்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு லிப்ட்ல தண்ணி ஊத்துனது நான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கருவாடு எடுக்க மேல வந்தேன். லிப்ட் வாசல்லேர்ந்து உன் வூட்டு வாசப்படி வரிக்கும் ஈரம். குடம் வெச்ச வட்டம் வட்டமா எட்டு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். ரெண்டு தபா ஏறி வந்தேன். ரெண்டு தபாவும் உன் புருசன சேர்ல வெச்சு கட்டிக்கினு இருந்தானுங்க. நான் வாயத் தொறந்தா அந்த ஆள அப்புறம் எவன் தூக்குவான்? என் புள்ளயே தூக்க மாட்டான்." முறத்தைக் கீழே வைத்தாள். "அதுக்குன்னு உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. பேசாம இருந்த, சரி, பயம். கையெழுத்து போட்ட பாரு, அத நான் சாவற வரிக்கும் மறக்க மாட்டேன்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டாள். ஆபீஸ் நோட்டீஸ். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக முப்பத்தோரு பேர் எழுதிக் கொடுத்திருப்பதால் அவள் வீட்டு ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக்கூடாது, திங்கட்கிழமை நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. புள்ள படிச்சான். படிச்சிட்டு ராவெல்லாம் அழுதான். ஆத்தங்கரைலேர்ந்து ஒருக்கா தூக்கிப் போட்டாங்க. இப்ப இங்கேர்ந்து எங்க தூக்கிப் போடுவாங்க, நீ சொல்லு."

நவம்பர் 23, ஞாயிறு

லிப்ட் ஓடுகிறது. உள்ளே புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: மீன் கூடை, தண்ணீர்க் குடம் ஏற்றக் கூடாது. எங்கள் வீட்டுக் குழாயில் இன்று காலை தண்ணீர் வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், நிறுத்த மனசு வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

நாளை சம்பூர்ணத்தோடு நானும் ஆபீசுக்குப் போகிறேன். இந்த நோட்டைக் கொடுக்கப் போகிறேன். சுவர் எந்தத் தேதியில் நனைந்தது, எந்த நாள் சத்தம் கேட்டது, இவர் யாரிடம் சொன்னார், எல்லாம் இதில் இருக்கிறது. நான் எழுதின பொய்யும் இருக்கிறது. ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. என் வீட்டை ரத்து செய்தால் செய்யட்டும். தனி ஆளுக்கு எதற்கு ஏழாம் மாடி?

நோட்டு அக்டோபர் 7-இல் ஆரம்பிக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்னால் நடந்ததை எழுதவில்லை. கொடுப்பதற்கு முன்னால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 4, சனி

அன்றைக்குக் குழாயில் சொட்டும் வரவில்லை. கீழே போய் எட்டுக் குடம் பிடித்தேன். இரண்டிரண்டாகக் கொண்டுபோனால் நாலு நடை, இவர் தனியாக இருப்பார் என்று எட்டையும் ஒரே நடையாக லிப்டில் ஏற்றினேன். மூடி எதற்கும் இல்லை. நாலாம் மாடியில் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. இரண்டு குடம் சாய்ந்து, தண்ணீர் கதவிடுக்கு வழியாக இறங்கியது. ஏழாம் மாடியில் கதவு திறந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்ததும் விளக்கு அணைந்தது. பட்டனை அமுக்கிப் பார்த்தேன். வேலை செய்யவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் குடங்களை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார்.

"தெய்வானை, உள்ள தண்ணி கொட்ற சத்தம் கேக்குது. பெரிய லீக்கு. லிப்ட் குழிக்குள்ள எறங்குது. இப்பவே போயி ஆபீஸ்ல சொல்லிடு. இல்லாட்டி லிப்ட் போயிடும்."

என் குடத்துத் தண்ணீரின் சத்தத்தைத்தான் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"உனக்கு ஒண்ணும் கேக்கல. பேசாம படு" என்றேன்.